தானாகப் போன பதில்

தம்பிக்கு,

என் தையல் கடை வெப்சைட்ல நீ போட்ட ஃபார்ம் வேலை செய்யுதுடா. மெயிலே வரலைன்னு தலையைப் பிச்சுக்கிட்டியே, நேத்து வந்துடுச்சு. எழுத்து கோணலா இருந்தா திட்டாதே, இடது கையால எழுதுறேன்.

யாரோ பொம்பளை பேர்ல, 'கவுன் தைக்கணும்'னு வந்துச்சு. நான் பார்க்கிறதுக்குள்ள, நீ வெச்ச தானியங்கி பதில் நன்றி சொல்லி, கடை முகவரியையும் அனுப்பிடுச்சு. நான் யாருக்கும் சொல்லாம ஒளிஞ்சிருந்த முகவரி. சாயங்காலம் உன் மாமா, நான் விட்டுட்டு வந்த புருஷன், வாசல்ல நிக்கிறான்; பொம்பளை பேர்ல எழுதினதே அவன்தான்.

கண்ணாடிக் கதவை உதைச்சே உடைச்சான். முடியைப் பிடிச்சு என் தலையைத் தையல் மிஷின்ல மோதினான். வலது மணிக்கட்டை முறுக்கினப்போ எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. இடது கைக்கு எட்டினது இஸ்திரிப் பெட்டி. அவன் கன்னத்துல வெச்சு அழுத்தினேன். அலறிக்கிட்டு ஓடினவனை ஆஸ்பத்திரியிலயே போலீஸ் பிடிச்சிட்டாங்க. கருகின வாடைதான் இன்னும் கடையை விட்டுப் போகலை.

உன்னாலதான் எல்லாம்னு நீ சாப்பிடாம கிடக்கிறியாம், அம்மா சொன்னா. அடி வாங்கினவளே ரெண்டு வேளை சாப்பிட்டாச்சு, உனக்கென்னடா கேடு?

ஃபார்மை எடுத்துடாதே. முகவரியும் இருக்கட்டும், இனிமே நான் ஒளியப் போறதில்லை. அதுக்குக் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துடு: இங்கே இஸ்திரிப் பெட்டி எப்பவும் சூடாத்தான் இருக்கும்.

உன் அக்கா