பெயர் கேட்காமல் தூக்கியவனுக்கு

செக்டார் 4, ஆர்.கே.புரம்,
புது தில்லி-22.
12.11.1980

கர்த்தருக்குள் அன்பான மகன் இஸ்ரவேலுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் தேவ கிருபையால் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்கு மட்டும் இடது முழங்காலில் வலி, பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருவதால் என்று நான் சொல்கிறேன், நான் தைலம் தேய்த்துவிடாததால் என்று அவர் சொல்கிறார். நீயும் அங்கே பம்பாயில் தரையில் இருக்கும்போதும் மேலே இருக்கும்போதும் சுகமாயிருக்கக் காலையும் மாலையும் ஜெபிக்கிறோம்.

உன் இருபத்தெட்டாம் தேதிக் கடிதம் ஒன்றாம் தேதி கைக்குக் கிடைத்தது, அதற்குள் மடித்து வைத்திருந்த ராஜினாமா டிராஃப்டும் கிடைத்தது. இங்கிலீஷைப் பார்த்துத் திருத்தித் தரும்படி அப்பாவைக் கேட்டிருந்தாய். பள்ளிக்கூட லீவு லெட்டரிலிருந்து அப்பா திருத்தாமல் நீ எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை, இப்போது வேலையை விடுவதற்கும் அவருடைய இங்கிலீஷ்தான் வேண்டியிருக்கிறது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தரம் படித்தார், ஒரு ஃபைலில் வைத்து நாடாவைக் கட்டி அலமாரியின் மேல்தட்டில் போட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்கிறார், என்னவோ நான் அவர் செக்ஷனுக்கு மனு கொண்டுவந்த ஆள் மாதிரி. பதினோரு நாளாயிற்று. அவர் ஃபைலை அமுக்கி வைத்திருக்கட்டும், முப்பது வருஷமாக அதற்குத்தான் அவருக்குச் சம்பளம், என்னால் வாயை அமுக்கிவைக்க முடியவில்லை.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். குளிர் ஆரம்பித்துவிட்டது, ரஜாய்ப் போர்வைகளை இறக்கி வெயிலில் போட்டேன், உன்னுடையதையும்தான் போட்டேன். ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் எனக்கு இந்த மாதம் காலை டியூட்டி. மேல் வீட்டுக் கோவிந்தம்மாள் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது, உங்க பையன் பர்மனென்ட் ஆயிட்டானா என்று கேட்டாள், ஜனவரியில் ஆகிவிடும் என்றேன். நீ பதினேழு வயதில் தண்ணீர் டாங்குக்குப் பக்கத்தில் வந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்தவள் அவள். அதைப் பற்றி இன்று வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை, பர்மனென்ட் ஆயிட்டானா என்பதுதான் அவள் கேள்வி. அங்கே குளிரே இல்லை என்று நீ எழுதுவாய், மேலே போனால் எல்லா ஊரும் ஒரே குளிர்தான், மப்ளரால் காதை மூடிக்கொள். மேலே போகும்போது நீ போர்த்திக்கொள்கிற சிவப்புக் கம்பளி கிழிந்திருந்தால் நீயே ஊசியை எடுக்காதே, பார்சலில் அனுப்பு. அது ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டபோது முறையாக எடுத்தது, ரசீது என் பெட்டியில் இருக்கிறது, யாராவது கேட்டால் தைரியமாகச் சொல். ஆளைத் தூக்கும்போது கழுத்துக்குக் கீழே ஒரு கை கொடுத்துத் தூக்கு, எத்தனை தரம் சொன்னாலும் நீ கக்கத்தில்தான் பிடிக்கிறாய், தோள்பட்டை நழுவினால் நீயா கட்டுப் போடப் போகிறாய்.

இனி உன் விஷயம். நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். மாதத்தில் மூன்று நாள் பத்து மணி பத்து நிமிஷத்துக்கு மேல் போனதால் போஸ்ட்மாஸ்டர் உன் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போட்டார், ஒரு நாள் லீவைக் கழித்தார், மெமோவும் கொடுத்தார். அந்த மூன்று நாளில் ஒரு நாள் நீ தண்டவாளத்தில் மாட்டிக்கொண்ட லாரியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனாய், அதை மெமோவுக்குப் பதிலில் எழுத வழியில்லை, வயிற்றுப்போக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். லாரியைத் தூக்குகிறவன் இப்படி எழுதிக் கொடுத்துக்கொண்டு நிற்பதா என்று உனக்கு வெட்கமாகப் போயிற்று. இப்போது அங்கே பெரிய மனிதர்கள் நாலு பேர் சேர்ந்து உனக்கு இடமும் சாப்பாடும் தருவதாகச் சொல்கிறார்கள், நாள் முழுக்க இதே வேலையாக இருக்கலாம், கவுண்டர் வேண்டாம், பெயரும் வேண்டாம். இஸ்ரவேல் என்பது நான் மாட்டிக்கொண்டு திரிகிற சட்டை, கழற்றிவிட்டால் உள்ளே இருப்பவன்தான் நிஜம் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பெயரை வைத்தவள் நான். படித்ததும் எனக்கு வலித்தது, மறைப்பானேன்.

சிவப்புக் கோடு ஒரு பெரிய விஷயமில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஓடின நாட்களில் மேட்ரன் எனக்கும் போட்டிருக்கிறாள், நான் ராஜினாமா எழுதவில்லை, அரைமணி முன்னால் எழுந்தேன். பறந்து போகிற ஆளுக்கு எதற்கு லேட் மார்க் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை, அப்புறம் ஞாபகம் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாக நீ பறந்த அன்று அப்பா மாடிக்கு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, மாசப் பாஸ் எடுத்தாச்சு, பஸ்லயே போ என்றார். அந்தப் பழக்கத்தில்தான் இன்றும் நீ ஆபீசுக்கு லோக்கல் ரயிலில் போகிறாய் போலிருக்கிறது. அது உன் தப்பில்லை, அப்பாவின் தப்பு.

இரண்டு வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி. எழுபத்தெட்டு செப்டம்பரில் யமுனை பொங்கி பாராபுல்லா நாலாக் கால்வாயும் நிரம்பி, நம் தமிழ் ஜனங்கள் குடிசை போட்டிருக்கிற மதராசி கேம்புக்குள் தண்ணீர் புகுந்ததே, அன்று மத்தியானம் நீ போய் நாற்பத்து மூன்று பேரைத் தூக்கினாய். அப்போது நீ பி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தாய். சாயங்காலம் வந்து பதினாலு சப்பாத்தி சாப்பிட்டாய், ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லம்மா என்று சொல்லிவிட்டுப் படுத்தாய். நான் உன் தலையைத் துவட்டிவிட்டேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் என்னை அங்கே பள்ளிக்கூடத்தில் திறந்த முகாமுக்கு டியூட்டி போட்டார்கள். போய்ப் பார்த்தால் கீறல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் எந்த மாடி பக்கத்தில் தெரிந்ததோ அதில் இறக்கிவிட்டு நீ அடுத்த ஆளுக்குப் போயிருக்கிறாய். புருஷன் போகல் பேட்டையில், பெண்டாட்டி நிஜாமுதீனில், மாமியார் யாரோ ஒரு சர்தார்ஜி வீட்டு மொட்டை மாடியில். யாரிடமும் நீ பெயர் கேட்கவில்லை, கூட வந்தவர்கள் யார் என்று கேட்கவில்லை, யாரை எங்கே விட்டாய் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. வெள்ளத்துக்காக அழுது முடித்தவர்கள் அதற்கப்புறம் இதற்காக அழுதார்கள். நான் நாலு நாள் டெம்பரேச்சர் சார்ட்டுகளின் பின்பக்கத்தில் பெயர் எழுதி எழுதி ஒவ்வொரு தெருவாக அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அதில் பவுனு என்று ஒரு பெண், அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகள். அம்மாவை ஒரு கையிலும் பிள்ளையை ஒரு கையிலும் நீ தூக்கியிருக்கிறாய், அம்மாவை இறக்கின மாடியில் ஆள் நிறைந்துவிட்டது என்று பிள்ளையை வேறு மாடியில் விட்டிருக்கிறாய். அந்தப் பிள்ளை பேசின தமிழ் அங்கே யாருக்கும் விளங்கவில்லை, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீடு என்று கைமாறிப் போய்விட்டது. ஒன்பதாம் நாள் ஒரு குருத்வாராவில் கண்டுபிடித்தோம். தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, கொஞ்சம் சதை போட்டு, பஞ்சாபியில் இன்னொரு ரொட்டி கேட்கும் அளவுக்குத் தேறியிருந்தாள். அந்த ஒன்பது நாளும் பவுனு சாப்பிடவில்லை. முகாம் வாசலில் உட்கார்ந்து வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து எழுந்து நின்றாள். கடைசியில் நான்தான் அவளுக்குக் குளுக்கோஸ் ஏற்றினேன், ஏற்றும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தப் பவுனு இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிறாள். போன வருஷம் ஒருநாள் டீ குடிக்கும்போது வெள்ளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நீ யார் என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பறக்குற ஆளு நல்லவருதான் சிஸ்டர், ஆனா எங்கயும் வேலைக்குப் போய்ப் பழகாத ஆளு போல இருக்கு என்றாள். நான் டம்ளரைக் கழுவ எழுந்து போய்விட்டேன். உனக்கு அன்று இருபத்திரண்டு வயது, சந்தோஷமாக இருந்தாய், அதனால்தான் சொல்லவில்லை. பிறகு ஜனவரியில் பம்பாய் ஆர்டர் வந்தது, சொல்லாமலே இருந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும், அது என் தப்பு.

ரிஜிஸ்டர் தபால் கவுண்டரில் உட்கார்ந்த புதிதில் நீ எழுதியதெல்லாம் புலம்பல். தாராவியிலிருந்து அய்யாசாமி என்று ஒரு பெரியவர் சனிக்கிழமை தோறும் வந்து ஊருக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்கிறார், விலாசத்தை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்கிறார், எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்கிறார், பின்னால் வரிசை நிற்கிறது, எனக்கு இதுதானா வேலை என்று எழுதினாய். எட்டு மாதம் கழித்து என்ன எழுதினாய் என்று ஞாபகம் இருக்கிறதா. இந்தச் சனிக்கிழமை அய்யாசாமி வரவில்லை, வேலை முடிந்ததும் விசாரித்துக்கொண்டு நடந்தே போனேன், காய்ச்சலில் படுத்திருந்தார், இஸ்ரவேல் வந்திருக்கேன் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று எழுதினாய். அந்தக் கடிதம் என் பைபிளுக்குள் இருக்கிறது. லாரியைத் தூக்கியது, ரயிலை நிறுத்தியது எதையும் நான் எடுத்து வைக்கவில்லை.

இந்த ஜூலையில் அங்கே மழையில் பழைய நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டு சரிந்ததே, அதைப் பேப்பரில் பார்த்து அப்பா எனக்கு வாசித்துக் காட்டினார். பறந்து வந்த ஆள் ஒவ்வொருவரையும் தூக்கும்போதே பெயர், வீட்டு நம்பர், கூட யார் யார் என்று கேட்டு, கார்பன் வைத்துச் சீட்டு எழுதி, ஒன்றை அவர்கள் சட்டையில் குத்தி, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, எல்லாரையும் ஒரே பள்ளிக்கூடத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்து, கடைசியில் சீட்டுகளை இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைத்து அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனாராம். ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது பின்கோடு கேட்டார் என்று ஒருவர் குறைப்பட்டிருந்தார். அறுபத்தேழு பேர், ஒரு ஆள்கூடத் தவறவில்லை. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பய ஒழுங்கா செஞ்சிருக்கான், பாத்தியா என்றார். உன்னை அவர் அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அன்று அந்தப் பேப்பரை ஆபீசுக்கே எடுத்துக்கொண்டு போனார், என் மகன் என்று சொல்ல முடியாதே, அதனால் டெஸ்பாட்ச் கிளார்க்குகளைக் கூப்பிட்டுக் காட்டி, முறை எப்படி இருக்கிறது பாருங்கள் என்றாராம்.

அந்த அறுபத்தேழு பேரைத் தூக்கியது நீ சொல்கிற உள்ளே இருப்பவனாக இருக்கலாம். அவர்களை வீட்டு மனிதர்களோடு சேர்த்தது ரிஜிஸ்டர் கவுண்டர் கிளார்க். தூக்குகிறவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் இருந்த பலம்தான் இப்போதும் இருக்கிறது, அவனுக்கு அதற்குமேல் ஒன்றும் கூடவில்லை. கூடினதெல்லாம் கவுண்டரில் உட்கார்ந்து திட்டு வாங்கினவனுக்குத்தான். அவனைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாலு பெரிய மனிதர்கள் போடுகிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு மேலேயே இருந்தாயானால், மறுபடியும் யார் பெயரையும் கேட்காதவனாக ஆகிவிடுவாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உன் உயிருக்குக்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா ஃபைலை இறக்கினார். டிராஃப்டைத் திருத்திவிட்டார், இதோடு வைத்திருக்கிறேன், இங்கிலீஷ் இப்போது கவர்னருக்கே அனுப்பலாம் போலிருக்கிறது. ஓரத்தில் பென்சிலால், கிறிஸ்மஸ் முடிந்தபின் நேரில் என் பார்வைக்கு வைக்கவும் என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார். உன்னை வீட்டுக்கு வரச் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அதுதான். நீ வளர்ந்தவன், கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கொடு, நான் கையைப் பிடிக்கப் போவதில்லை. அதற்கு முன்னால் எனக்காக ஒன்று செய். இந்தத் தடவை பறந்து வராதே. லீவு எழுதிக் கொடு, காரணம் என்கிற இடத்தில் அம்மாவைப் பார்க்க என்று உள்ளதை எழுது, ரயிலில் வா. கம்பளி வேண்டாம், வெள்ளைச் சட்டை ஒன்று எடுத்து வை. இருபத்தாறாம் தேதி நீயும் நானும் பஸ் பிடித்து மதராசி கேம்புக்கு கேக் கொண்டுபோகிறோம், பவுனுவிடம் சொல்லிவிட்டேன். என் மகன், தபால் ஆபீசில் வேலை என்றுதான் சொல்லியிருக்கிறேன், ஓ வேலைக்குப் போறவரா என்று கேட்டு அவளுக்குச் சந்தோஷம். அதற்கு மேல் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

வெள்ளத்துக்கு அப்புறம் பவுனு அந்தப் பிள்ளைக்கு அவள் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், குடிசை நம்பர், கேம்ப் எல்லாவற்றையும் தமிழிலும் ஹிந்தியிலும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறாள். இப்போது அவளுக்கு ஐந்து வயது. யாராவது குனிந்து கேட்டால் போதும், மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாள்.

நீ ஏறுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும் கர்த்தர் உன் கூடவே இருக்கட்டும், என் ஆசீர்வாதமும் அப்பாவின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. வேளாவேளைக்குச் சாப்பிடு. ரயிலில் வெளியே எட்டிப் பார்க்காதே. ஒன்றை மட்டும் மறக்காமல் வா: அந்தப் பிள்ளையின் பெயரை இந்தக் கடிதத்தில் நான் எங்கேயும் எழுதவில்லை, வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நீ வந்து அவளிடம் கேள்.

இப்படிக்கு,
உனக்குப் பெயர் வைத்த அம்மா,
இன்பராணி ஞானசீலன்