நகக்கண்ணில் கறுப்பு

19-7-1983, செவ்வாய்

வீட்டுக்காரர் இன்னும் தறிக்குழிய விட்டு எழுந்திரிக்கல. டார்ச் அடிச்சி, தறியில எண்ணெய் எங்க ஒழுகுதுன்னு தேடிகினு இருக்காரு. ஒழுகினாத்தானே கிடைக்கும்!

காலையில அவர் பட்டு வாங்க பஸ்ல போனாரு. நான் அவரோட சைக்கிள எடுத்துகினு ஆத்தோர ரோட்டுல பூண்டி வரைக்கும் மிதிச்சேன். மேடு பள்ளம் இல்லாத ரோடு, ஒரு ஆள் இல்ல. காத்து மாதிரி போனேன். அங்க பழைய ஜெயின் கோயில் வாசல்ல செயின் கழண்டுச்சி. கையாலயே மாட்டினேன்.

சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் தறியில உக்காந்தேன். ஆனா அறுந்த இழைய முடிஞ்ச இடத்துல, சந்தனக் கலர் முகூர்த்தப் புடவையில கறுப்பா ஒரு கீத்து.

சாயங்காலம் அவர் பார்த்துட்டாரு. "இன்னாடி இது? தறியில எண்ணெய் ஒழுவுதா?"

"இருக்கும்ங்க"ன்னுட்டேன். ஏன் சொன்னேன்?

"இப்ப தெரியலன்னா காலையில பாவு நூல அறுத்துட்டு தறியப் பிரிச்சிடறேன்"னு சொல்றாரு. சொல்லாட்டி புடவை போச்சு. சொன்னா சைக்கிளுக்குப் பூட்டு.

இதோ கூப்பிடறாரு: "ஜல்தி வா, டார்ச்ச பிடி."

நகக்கண்ணுல கறுப்பு இன்னும் போகல. அந்த வெளிச்சத்துல முதல்ல தெரியப்போறது என் கைதான்.