மீனெண்ணெய் பூசிய கார்

மாப்ள,

இன்று காலை மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு உன் காருக்கு அடியில் படுத்தேன். துணி பட்டதும் அந்த மீனெண்ணெய் வாடை குப்பென்று கிளம்பியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மண்ணெண்ணெய்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன் வீட்டில் காரை விற்க ஏற்பாடு செய்திருந்தார்கள். பழைய கார்களைச் சேர்த்துவைக்கும் கோயம்புத்தூர்க்காரர் நாளை லாரியோடு வருவதாகப் பேச்சு. அடிப்பக்கம் வாடை போகத் துடைத்து வைத்தால்தான் எடுப்பாராம். அந்தத் தகரத்தைத் தட்டி நிமிர்த்திய டிங்கர் நான் என்பதால் துடைக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. உன்னை நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது. நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் இப்படியா திரும்பாமல் இருப்பாய்?

துபாயில் மெக்கானிக்காக இருந்தபோது நீ உயிர் கொடுத்த பழைய ஐரோப்பியக் கார்களெல்லாம் பணக்காரர்களின் கண்ணாடி அறைக்குள் போய் நின்றன. "சாவியத் திருப்பிச் சத்தத்த மட்டும் கேப்பாக மாமா. பெறகு அணைச்சிருவாக. ரோட்டப் பாக்காத காரு எதுக்கு?" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாய். ஊருக்குத் திரும்பியதும் அந்த ஏக்கத்தோடுதான் அலைந்தாய். தொண்டிப் பக்கம் ஒரு சங்கு வியாபாரி வீட்டுக் கொட்டகையில் கிடைத்தது, இந்த இங்கிலாந்துக் கார். இருந்த இரண்டு சீட்டில் ஒன்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கிறவரை வண்டியை எடுக்கக் கூடாது என்றார் வீட்டுக்காரர். நாமும் காத்திருந்தோம்.

எஞ்சின் உன் பொறுப்பு, தகரம் என் பொறுப்பு. இரண்டு கார்புரேட்டரும் ஒரே சீராக மூச்சு விடுகின்றனவா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்பாய். அப்போது பக்கத்தில் யாராவது தும்மினால்கூட உனக்குப் பிடிக்காது. கரும்பச்சை பெயின்ட் காய்ந்து, கம்பிச் சக்கரம் மாட்டி, அது முதன்முதலாகப் பாம்பன் ரோட்டில் இறங்கியபோது நீ ஓட்டினாய், நான் பக்கத்தில் இருந்தேன். அன்றிலிருந்து அந்தச் சீட்டு எனக்கென்றே ஆகிவிட்டது.

உப்புக் காற்று தகரத்தைத் தின்றுவிடும் என்று எச்சரித்தது நான்தான். அதற்கு நீ கண்டுபிடித்த மருந்து இருக்கிறதே! வாளி நிறைய மீனெண்ணெய் கொண்டுவந்து அடிப்பக்கம் முழுக்கப் பூசினாய்.

"ஏலே மாப்ள, இது காரா, கருவாட்டுக் கூடையா?" என்றேன்.

"எங்க வாப்பா வள்ளத்துக்கு வருசா வருசம் பூசுவாக. அது உப்புத் தண்ணியிலயே கெடந்து நல்லாத்தான இருந்துச்சு? நீங்க கடலாடிக்காரரு, ஊரு பேருலதான் கடலு, உங்களுக்கு என்ன தெரியும்?"

வள்ளத்துக்குச் சைலன்சர் கிடையாது என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அதன் மேலும் தாராளமாகப் பூசிவிட்டாய். மதுரையில் பழைய கார் கண்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அது சூடேறி வண்டியே மீன் வறுத்துக்கொண்டிருந்தது. பரிசு கொடுக்க வந்தவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அடுத்த காருக்கு நகர்ந்தார்கள். எங்கிருந்தோ ஒரு பூனை வந்து அடியில் உட்கார்ந்துகொண்டது. எனக்கு மானம் போயிற்று. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "மத்த காரெல்லாம் லாரியில வந்துருக்கு மாமா. நம்ம காருதான் ஓடி வந்துருக்கு."

உன் வீட்டில் நடந்த தண்ணீர்ச் சண்டையும் எனக்குத் தெரியும். தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்தால், உப்பு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்பாய். நல்ல தண்ணீர் தள்ளுவண்டியில் குடம் குடமாக வருகிற ஊர். "பெத்த புள்ள உப்புத் தண்ணியில குளிக்குது, காருக்கு நல்ல தண்ணி கேக்குதா?" என்று சத்தம் போடும், நான் தங்கச்சி முறை வைத்துக் கூப்பிடும் உன் மனைவி. அந்தக் கோபத்தில் தங்கச்சி ஒருநாள்கூட அந்தக் காரில் ஏறவில்லை.

நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்த பிறகு தங்கச்சிதான் விற்றுவிடலாம் என்றது. "போர்வை மூடி நிக்கிறதப் பாத்தா எனக்கு நெஞ்ச அடைக்குதுண்ணே." அந்தக் கோயம்புத்தூர்க்காரர் கண்ணாடி அறை கட்டி வைத்திருக்கிறார், ஏசி போட்டு. நீ வேண்டாம் என்றது அதைத்தான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று துடைக்க ஒத்துக்கொண்டேன்.

முன்பக்கம் துடைத்து முடித்து வெளியே வந்தபோது, சென்னையிலிருந்து வந்திருந்த உன் மகள் சாவியோடு நின்றாள். "மாமா, நாளைக்கு இது போயிரும். உம்மா ஒரு தடவகூட ஏறுனதில்ல. நான் ஓட்டுறேன்." உள்ளேயிருந்து தங்கச்சி, "எனக்கு வேணாம்" என்றது. ஆனால் சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டியது.

தனுஷ்கோடி ரோட்டில் நான் பைக்கில் பின்னால் போனேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, மாப்ள. எத்தனையோ தடவை அதற்குள் உட்கார்ந்து போயிருக்கிறேன், அது போகிற அழகை வெளியே இருந்து பார்த்ததே இல்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் கரும்பச்சையாக அது தாழ்ந்து ஓடுகிறது. முக்காடு காற்றில் பறக்க, தங்கச்சி அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மகளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தது. நான் துடைக்காமல் விட்ட சைலன்சரிலிருந்து வறுத்த மீன் வாடை நேராக என் முகத்தில் அடித்தது. ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டேதான் ஓட்டினேன்.

வீடு வந்ததும் தங்கச்சி இறங்கி விறுவிறுவென்று உள்ளே போனது. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று துணியை மறுபடி எடுத்தேன். தங்கச்சி இடுப்பில் குடத்தோடு திரும்பி வந்தது. நல்ல தண்ணீர்க் குடம். குனிந்து சக்கரத்து மேல் ஊற்ற ஆரம்பித்தது.

"உப்பு காயறதுக்குள்ள கழுவணும்னு சொல்லுவாகளேண்ணே" என்றது, நிமிராமலே. "அந்தக் கோயம்புத்தூர்க்காரருக்குப் போனப் போட்டு வர வேணாம்னு சொல்லிருங்க. தொடச்ச எடத்துல திரும்ப எண்ணெயப் பூசிருங்க."

பூசிவிட்டேன், மாப்ள. சைலன்சருக்கும் சேர்த்துத்தான். இந்தக் கடிதத்தில் வருகிற வாடை சாயங்காலம் புதிதாகப் பூசியது. கையைக் கழுவ மனம் வரவில்லை.