சுண்டெலி வீட்டு அட்டவணை

அக்கா,

என் சிநேகிதி சுண்டெலியின் அப்பாவைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகிறேன். சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது. நான்கு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். குளியலறைக் குழாயையும் காட்டு.

நேற்று, "ஆறுதல் சொல்லப் போறியா, பாடம் நடத்தப் போறியா?" என்று கேட்டாய். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ கேட்டது சரிதான். நோயாளிப் பராமரிப்பு மாலை வகுப்பில் எழுதிக்கொண்டதை வைத்து சுண்டெலியின் அப்பாவுக்கு ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தேன்: ஆறுக்கு மூச்சுப்பயிற்சி, ஏழுக்குப் பிரார்த்தனை, எட்டுக்குப் பழச்சாறு.

காலையில் சுண்டெலி போன் செய்தாள். "அப்பா நாலு நாளா தண்ணிகூட முழுங்கலடி. எட்டு மணியானா அம்மா டம்ளரோட போய் நிக்கறாங்க. அவர் வாயைத் திறக்கலன்னா, தான்தான் சரியா செய்யலன்னு சொல்றாங்க."

எனக்கு அழுகை வரவில்லை. போனை வைத்துவிட்டுத் துணி உலர்த்தினேன், ஜோடி ஜோடியாக.

அந்த அட்டவணைத் தாளைச் சுண்டெலியின் அம்மாவிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். என்ன சொல்லி வாங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் குப்பைக்கூடையில் கிடக்கின்றன, எடுத்துப் படிக்காதே.

சாவி செருப்பு அலமாரியில்.

குழாய்காரர் போனதும் நீயும் வருவாயா? நான் ஏதாவது விளக்க ஆரம்பித்தால் என் கையைப் பிடித்து அழுத்து.