திட்டிப் பாஸான பரீட்சை

எங்க வீட்டு எஜமானி அம்மாவுக்கு, உன் புருஷன் பெரிய கும்பிடாப் போட்டு எழுதுறது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். உன் முட்டிவலி எப்படி? மாத்திரைய முழுங்குறியா, தலகாணிக்கு அடியில ஒளிக்கிறியா?

இந்தத் தீவு தனி நாடு இல்ல, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய நாட்டுக்குச் சொந்தம்னு சொன்னேன்ல? அவங்க இப்போ புதுச் சட்டம் போட்டிருக்காங்க. என்னை மாதிரி வெளியாளு அவங்க பாஷையில பேசிக் காட்டினாத்தான் வேலை பர்மிட். இல்லைன்னா மூட்டையக் கட்டணும்.

அந்தப் பாஷைய நான் எங்க படிச்சேன்? ஓட்டல்ல பாத்திரம் கழுவும்போது, அந்த நாட்டு மேனேஜர் கத்துறதக் கேட்டதுதான். பரீட்சை வச்ச அதிகாரி தீவுக்காரர். "உங்க வேலையப் பத்திச் சொல்லுங்க பெரியவரே"ன்னாரு. தெரிஞ்சதக் கணீர்னு எடுத்து விட்டேன்: "சீக்கிரம் கழுவுடா சோம்பேறி! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? வாய மூடிட்டு வேலையப் பாரு!"

பக்கத்து மேசை அம்மா பேனாவக் கீழ போட்டுட்டாங்க. அதிகாரி கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. "அந்தப் பெரிய நாட்டுலேருந்து எங்க தீவுக்கு வர்ற உத்தரவும் இப்படியேதான் இருக்கும் பெரியவரே. அச்சு அசல்!"னு முத்திரையக் குத்திட்டாரு.

ஊசியும் கறுப்பு நூலும் அனுப்பு. உன் பழைய சேலைத் துணியில சுத்தி அனுப்பு, காகிதம் கிழிஞ்சிடும்.

பஸ் வந்துடுச்சு, முடிக்கிறேன். பர்மிட் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இருக்கு. பாஸாயிட்டேன்னு ஓட்டல் பூரா பீத்திக்கிட்டுத் திரியறேன். பெயிலாகியிருந்தா இந்நேரம் உன் பக்கத்துல உக்காந்திருப்பேன்.