காளியாயி சொன்ன எப்பா

1957 பெப்ரவரி 7
மூன்று நாள் லீவு கிடைத்துவிட்டது. நுவரெலியாவில் அண்ணன் லியனார்டுக்குக் கல்யாணம். பெண்கள் வார்டில் தமிழ் பேசுகிற நர்ஸ் நான் ஒருத்திதான் என்பதால் மேட்ரன் முகத்தைச் சுளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மாலையில் இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காளியாயி என்றொரு கொழுந்து பறிக்கிறவள் வந்து சேர்ந்தாள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை பாதத்தில் ஏறிச் சீழ் கட்டியிருக்கிறது. இரு வேளையும் பெனிசிலின் ஊசி, புதுக் கட்டு. யசவதியிடம் ஒப்படைத்தேன். அவள் மாத்தறைச் சிங்களத்தி, தமிழ் தெரியாது; ஆனால் கைப்பக்குவம் உள்ளவள்.

பெப்ரவரி 9
மழை. அண்ணன் மோதிரத்தைக் கீழே போட்டுவிட்டான். பாதிரியாரே சிரித்துவிட்டார்.

பெப்ரவரி 11
என்ன எழுதுவது?

காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் காளியாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். உடம்பு கொதித்தது.

"மிஸ்ஸி, ரெண்டு நாளா யாருமே என்னையத் தொட மாட்டேங்குறாங்க. நான் என்னா தப்புப் பண்ணுனேன்?"

சனிக்கிழமையிலிருந்து நாலு ஊசி போடவில்லை. சார்ட்டில் நாலு இடத்திலும் யசவதியின் கையெழுத்து: நோயாளி மறுக்கிறார். முழங்கால் வரை வீக்கம். ஏன் மறுத்தாய் என்று கேட்டால் இவள் விழிக்கிறாள்.

கட்டைப் பிரித்தேன். ஒட்டிய துணி வந்ததும், "எப்பா! எப்பா!" என்று அலறினாள். எதிர்க் கட்டிலிலிருந்து யசவதி ஓடிவந்தாள். "ஏயா எபா கியனவனே!" அவள் வேண்டாம் என்கிறாளே, விட்டுவிடு என்று என் கையையே பிடித்துத் தடுத்தாள்.

அப்போதுதான் உறைத்தது. எபா — சிங்களத்தில் வேண்டாம். எப்பா — வலித்தால் நாங்கள் கத்துவது. பிறந்ததிலிருந்து இரண்டு மொழியும் பேசுகிறேன். இந்த இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும் என்று ஒருநாளாவது தோன்றியதா? என் தலைக்குள் இரண்டும் வேறு வேறு வீட்டில் குடியிருந்தன போலும்.

சொன்னேன். "அவள் மறுக்கவில்லை. அப்பாவைக் கூப்பிடுகிறாள்."

யசவதி சார்ட்டை எடுத்துத் தன் நாலு கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

பெப்ரவரி 12
நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிட வேண்டும். ஊசியைத் தொடங்கிவிடுவோம், சார்ட்டை யார் கிளறப் போகிறார்கள் என்று நான்தான் யசவதியிடம் சொன்னேன். அவள் மாத்தறைக்கு மாற்றம் கேட்டு இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள். டாக்டரின் அறிக்கையில் ஒரு வரி கெட்டாலும் போயிற்று. அவள் என்னைப் பார்த்த பார்வை! நேரே டாக்டரிடம் போய், "தப்பு என்னுடையது, கேட்டு விசாரிக்காமல் எழுதினேன்" என்று நின்றாள். நானாக இருந்தால் போயிருப்பேனா? மாட்டேன்.

மூன்று நாள் பார்ப்பாராம் டாக்டர். வீக்கம் வடியாவிட்டால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட வேண்டும் என்கிறார். மலை ஏறிப் பிழைக்கிறவளுக்கு!

பெப்ரவரி 13
காய்ச்சல் குறையவில்லை. யசவதி தன் முறை முடிந்தும் கட்டிலடியை விட்டுப் போகவில்லை.

பெப்ரவரி 15
வீக்கம் வடிகிறது. இயேசுவே, வடிகிறது.

யசவதி காளியாயியிடம் மன்னிப்புக் கேட்டாள். எபா குழப்பத்தையும் சேர்த்து நான் தமிழில் சொன்னேன். காளியாயி கோபப்படுவாள் என்று நினைத்தால் கட்டில் அதிரச் சிரித்தாள். "அப்ப ரெண்டு நாளா நாந்தான் வேணாம் வேணாம்னு கத்திக்கிட்டு கெடந்தேனா?" பிறகு மெதுவாக, "எங்கப்பன் மொகத்த நான் பாத்ததே இல்லங்க. வலிச்சா மட்டும் வாயில வந்துர்றாரு" என்றாள்.

அதை ஒரு சொல் விடாமல் யசவதிக்குச் சிங்களத்தில் சொன்னேன்.

மார்ச் 2
யசவதி நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறாள். ஓய்வு கிடைத்தால் காளியாயி கட்டிலில்தான். இந்தக் காலத்தில் பாஷை என்றாலே ஊரெல்லாம் சண்டை. இவள் உட்கார்ந்து 'வலி', 'எரிச்சல்', 'குத்துது' என்று எழுதுகிறாள். இன்று தன் நெஞ்சைத் தொட்டு "மம" என்றாள். சிங்களத்தில் அது 'நான்'. காளியாயி, "மாமாவா? எனக்கு ஏது மாமன்!" என்றதும் வார்டே சிரித்தது.

எப்பா என்பது 'என் அப்பா' சுருங்கி வந்தது, அது எனக்குத் தெரியும். எபா எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எபா என்றால் எபாதான்," என்றாள் யசவதி.

மார்ச் 10
காளியாயி இரண்டு காலாலும் நடந்து வாசலுக்குப் போனாள். "போயிட்டு வாறேன்." யசவதிக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. சிங்களவர்களும் போய் வருகிறேன் என்றுதான் விடைபெறுவார்கள்.

ஜூன் 21
யசவதிக்கு மாற்றம் இந்த வருடம் இல்லை. பெப்ரவரியில் டாக்டர் எழுதிய அறிக்கைதான் காரணம் என்றும் எழுதியிருக்கிறார்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஏழாம் கட்டிலுக்குப் போய், "எங்க வலிக்குது?" என்று கேட்டாள். உச்சரிப்பு கோணல்தான். அந்தக் கிழவி பத்து நிமிடம் விடாமல் பதில் சொன்னாள்.

1958 ஜனவரி 30
யசவதி போய்விட்டாள். மாத்தறைதான், கேட்ட ஊர். ரயிலேற்றிவிட்டு வந்தேன். வார்டு பெரிதாகத் தெரிகிறது.

ஏப்ரல் 3
மாத்தறையிலிருந்து கடிதம். பென்சிலால் கோடு போட்டு, அதன் மேல் தமிழ் எழுத்து. 'ழ' மட்டும் தலைகீழாக இருக்கிறது.

"இங்கே வார்டில் தமிழ் ஆள் ஒருத்தரும் இல்லை. மறந்து போகும் என்று பயமாக இருக்கிறது. தமிழில் பதில் எழுதுங்கள். பெரிய எழுத்தாக."

பெரிய எழுத்தில் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். இன்னும் முடியவில்லை.