உயிலில் ஒரு பச்சை மிளகாய்

14 நவம்பர் 2007, புதன்

பெருங்களத்தூர் தேவராஜ் அண்ணன் இன்று உயில் எழுத வந்தார். திருமுடிவாக்கத்தில் முப்பது வருடம் வெல்டிங் வேலை பார்த்தவர். இப்போது நுரையீரல் சரியில்லை. வீடு தங்கை மகள் சுமதிக்கு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"என் ஸ்பார்க்குக்கு இன்னா எழுதப்போற, வக்கீலம்மா?"

ஸ்பார்க் அவருடைய கிளி. இறக்கை ஒடிந்து பட்டறையில் வந்து விழுந்ததாம். இன்றுவரை பறக்கவில்லை. நாட்டுக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், உயிலில் எழுதினால் நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றேன்.

"அப்ப நான் போய்ட்டா அது பட்டினி கெடக்கணுமா?"

வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பதினைந்து வருட வக்கீலுக்கு வாய் வரவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. கிளி என்ற சொல்லே இல்லாமல் ஒரு நிபந்தனை எழுதினேன்: வீட்டைப் பெறுபவர் தினமும் காலையில் பின்பக்க ஜன்னலில் ஒரு பச்சை மிளகாயும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் வைக்க வேண்டும்.

"எத்தினி வருசத்துக்குன்னு போடலியே?" என்றார்.

யோசித்துச் சேர்த்தேன்: வைத்த மிளகாய் தொடப்படாமல் கிடக்கும் நாள்வரை.

அண்ணன் அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"ரெண்டு நாள்னு போடும்மா," என்றார். "சில நாள் கோச்சிக்கினு சாப்டாது."